சாவி வராத படம்

மேற்குத் தாம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

என் கண்ணு அபிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அந்தக் கனடா குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாயா என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. வாராவாரம் போனில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோமே, இதென்ன திடீரென்று கடுதாசி என்று பயந்துவிடாதே. நம் வீட்டில் ஒரு அறையில் தும்மினால் இன்னொரு அறையில் கேட்கும், அப்பா பக்கத்தில் இருக்கும்போது இதையெல்லாம் பேச முடியாது, அழாமலும் எனக்குச் சொல்ல வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அபி, அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நீ என்ன வேலை பார்க்கிறாய், எந்தக் கம்பெனிக்காகப் பார்க்கிறாய், எல்லாம் தெரிந்துவிட்டது. சத்தியமாக நான் சொல்லவில்லை. பதறாமல் கடைசி வரைக்கும் படி, உன் வழக்கப்படி கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று போனில் சொன்னேன் இல்லையா, அது நிஜம்தான். சொல்லாமல் விட்டது தியேட்டர் விஷயம். அம்மணி தியேட்டரை மூடிவிட்டார்கள். வேதாசலம் முதலாளி நேரே வீட்டுக்கே வந்து, சுகுமாரு, எங்கம்மா பேர்ல இருக்கிற இடம், எனக்கு மட்டும் ஆசையாப்பா, முடியலை என்று சொல்லி அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். கார் கம்பெனிக்காரர்கள் ஷோரூம் கட்டப்போகிறார்களாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் இத்தனை நீளத்துக்கு முகப்பு இருக்கிற இடம் வேறு எங்கே கிடைக்கும் அவர்களுக்கு. அப்பா சரிங்க முதலாளி என்று மட்டும் சொன்னார். எனக்கும் வேலை போய்விட்டது என்பதை நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அதற்காக உடனே பணம் அனுப்பாதே. சானடோரியம் பக்கத்து மருந்துக்கடையில் கவுண்டருக்கு ஆள் வேண்டுமாம், அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் சினிமா டிக்கெட் கொடுத்த கை, இனிமேல் மாத்திரை கொடுக்கட்டும்.

ஆனால் விஷயம் ஆரம்பிப்பது இங்கே இல்லை, கொரோனாவில். அந்த மார்ச் மாதத்தில் நம் தியேட்டருக்கு வரவேண்டியிருந்த படம் உனக்கு ஞாபகம் இருக்கும். ரிலீஸுக்கு முன்னாடியே படத்தை அனுப்பிவிட்டார்கள், அப்பாவும் மெஷினில் ஏற்றி வைத்துவிட்டார். கீ மட்டும் வரவில்லை. கீ என்றால் கையில் பிடிக்கிற சாவியா என்று சின்ன வயதில் நீ கேட்பாய், மெயிலில் வருகிற சாவி அது, படக் கம்பெனி அதை அனுப்பினால்தான் பூட்டுத் திறந்து படம் ஓடும். நாளைக்குக் கீ வரும், நாளன்றைக்குக் கீ வரும் என்று இருந்தபோதுதான் ஊரையே பூட்டினார்கள். மெஷினை ரொம்ப நாள் அணைத்துப் போட்டால் உள்ளே இருக்கிற பேட்டரி செத்துவிடும், அப்புறம் எந்தக் கீயையும் அது வாங்காது, பெரிய செலவு. அதனால் முதலாளி போலீஸில் சொல்லி பாஸ் வாங்கிக் கொடுத்தார், வாரம் ஒரு தடவை போய் ஓட்டிவிட்டு வா என்றார். உன் அப்பாவின் சட்டம்தான் உனக்குத் தெரியுமே, ஆளே இல்லாத ஹாலில் திரையில் வெளிச்சம் விழக்கூடாது, ஒருத்தராவது உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஹாலுக்கு ஆகாது என்பார். அதற்காக என்னையும் பாஸில் எழுத வைத்தார். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி கூட இருக்காது அபி, அந்த ரோட்டைக் கடக்க உன் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நின்றவள் நான், இப்போது நடு ரோட்டில் நாய் படுத்துத் தூங்கியது.

போய் நடு வரிசையில் ஒற்றை ஆளாக உட்காருவேன். வேறு படம் எதற்கும் கீ கிடையாது, பழைய கீக்கெல்லாம் நாள் தீர்ந்துவிட்டது, அதனால் விளம்பரமும் அந்தப் படத்தின் டிரெய்லரும்தான் ஓடும். புகை பிடிக்காதீர்கள், நகைக்கடை, வேட்டிக்கடை, அப்புறம் அந்த டிரெய்லர், திரும்பவும் புகை பிடிக்காதீர்கள். விரைவில் உங்கள் அபிமானத் திரையரங்குகளில் என்று பெரிதாக எழுத்து வரும்போதெல்லாம் மேலே ஆபரேட்டர் ரூம் ஓட்டையிலிருந்து அப்பா, பாத்தியா மேரி, வருது வருது என்பார். எனக்கு ஒரு விதத்தில் அது புதுசு. டிக்கெட் கொடுத்துவிட்டு, கலெக்ஷன் எழுதி, டிஸ்ட்ரிபியூட்டர் ஆளிடம் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் இன்டர்வெல் வந்துவிடும். நான் வாழ்நாளில் ஒரு படத்துக்கும் முதல் பாதி பார்த்தவள் இல்லை. யார் யாருக்கு என்ன உறவு என்றே தெரியாமல் கிளைமாக்ஸுக்கு மட்டும் அழுதுவிட்டு வருவேன். முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தது அந்த டிரெய்லர் ஒன்றைத்தான்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். அந்தப் படத்தை எடுத்தவர்கள் நேராக வீட்டு டிவிக்கே விற்றுவிட்டார்கள் என்று சேதி வந்தது. முதலாளி போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு அப்பா வீட்டில் பாத்திரத்தைத் தூக்கி எறிந்தார், அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வந்தபோது, யாரு என்ன என்றுகூடக் கேட்காமல், இந்த வூட்டுக்கே அனுப்புற யாவாரத்துல ஒரு ரூபா சம்பாரிக்கிறவன் எவனா இருந்தாலும் சரி, என் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று கத்தினார். நீ தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். மறுநாள் தனியாகக் கூப்பிட்டு, அம்மா, ஹோட்டல் வேலை போய்விட்டது, அப்பா திட்டினாரே, அதே மாதிரி ஒரு கம்பெனிக்குப் படத்துக்குக் கீழே வருகிற இங்கிலீஷ் வரியை எழுதும் வேலையில்தான் சேர்ந்திருக்கிறேன், அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று அழுதாய். ஆஸ்பத்திரி பேப்பரை மொழிபெயர்க்கிறாள் என்று நாம் இரண்டு பேரும் ஒரு பொய்யைக் கட்டினோம். அந்த வருஷம் தியேட்டரில் முதலில் பாதிச் சம்பளம், அப்புறம் அதுவும் இல்லை. நம் வீட்டில் அடுப்பு எரிந்தது நீ அனுப்பிய பணத்தில். அதற்கப்புறம் நீ இந்த ஊர்ப் பக்கமே வரவில்லை. விசா என்றாய், லீவு இல்லை என்றாய், டிக்கெட் விலை என்றாய். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியாமல்தான் வரவில்லை என்று எனக்குத் தெரியாதா, நான் உன்னைப் பெற்றவள் இல்லையா.

தியேட்டரைத் திரும்பத் திறந்த கதையைப் போனில் சிரிப்பாகச் சொல்லியிருக்கிறேன், சிரிப்பில்லை அது. ஒன்றுவிட்டு ஒரு சீட்டில் டேப் ஒட்டிப் பாதி ஹாலுக்குத்தான் டிக்கெட். புருஷன் ஒரு பக்கம் பெண்டாட்டி ஒரு பக்கம். ஒரு பொங்கலுக்கு அந்தப் பாதியும் விற்றுத் தீர்ந்தது, ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டு என்றார் முதலாளி. சைக்கிள் ஸ்டாண்டு சேட்டு போர்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, இன்னா மேரிக்கா, உள்ள பாதி சேரு காலியா கீது, இத்த எப்டி ஹவுஸ்ஃபுல்லுன்னு மாட்றது, சாமி கண்ண குத்தும்க்கா என்றான். மாட்டவே இல்லை அவன். அப்புறம் முழு ஹாலுக்கும் விட்டார்கள், ஆனால் போன ஜனம் போனதுதான். பெரிய நடிகர் படம் வந்தால் வெள்ளி சனி ஞாயிறு திருவிழா, திங்கட்கிழமை ஃபேன் சத்தம். சின்னப் படம் என்றால் வெள்ளிக்கிழமையே ஃபேன் சத்தம். நாலு வாரம் பொறுத்தால் வீட்டிலேயே வருதே என்கிறார்கள், நான் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நாலு பேர் வந்துபோக ஆகிற செலவு எனக்குத் தெரியாதா. காட்டாங்குளத்தூர் காலேஜ் பிள்ளைகள் எலெக்ட்ரிக் ரயிலில் கும்பலாக வந்து இறங்குவார்கள், அதுகளும் இப்போது கையிலேயே பார்த்துக்கொள்கிறதுகள். மிச்சம் இருப்பவர்களும் போனிலேயே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். கவுண்டரில் நான் சும்மாவே உட்கார்ந்திருப்பேன். சேட்டு கூட மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாகப் போய்விட்டான். நீ ஒரு தடவை சொன்னாய், அம்மா, அமெரிக்காவில் மலை மாதிரி இருந்த ஸ்டுடியோக்களுக்கே அந்த வருஷம் கலெக்ஷன் படுத்துவிட்டது, எடுத்த படத்தைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு தவித்தார்கள், வட்டி கட்டுகிற சின்னத் தயாரிப்பாளர் என்ன செய்வார், கிடைத்த விலைக்குத்தான் கொடுப்பார் என்று. நியாயம்தான். ஆனால் உன் அப்பாவிடம் அந்த நியாயத்தை யார் சொல்வது. அவர் அந்தப் படத்தை மெஷினிலிருந்து அழிக்கவே இல்லை அபி. இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடு என்று எத்தனையோ பேர் சொல்லியும், இருக்கட்டும், கீ அனுப்ப மறந்திருப்பாங்க என்று வைத்தே இருந்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இப்போது கண் விஷயத்துக்கு வருகிறேன். கட்டைப் பிரித்ததிலிருந்து அப்பாவுக்கு ஒரே குஷி, பஸ் நம்பர் தெரிகிறது, காலண்டரில் ராகு காலம் தெரிகிறது என்று எல்லாவற்றையும் படித்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் டிவி பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, வை-ஃபையோடு சேர்ந்து வருவதில் நான் சீரியல் பார்ப்பேனே, அதில் அந்தப் படம் இருக்கா மேரி என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தியேட்டரே போச்சு, இத்தினி வருசமா என் ரூம்லயே கெடந்துது, மூஞ்சியாவது பாத்துடலாம் என்றார். நானும் எதையும் யோசிக்காமல் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன், பாதியில்தான் வந்து உட்கார்ந்தேன். படம் முடிந்ததும் எழுந்து காபி போடப் போனேன். ஜனம் எப்போது எழுந்து போகும் என்று மட்டும் தெரிந்தவள் நான், ஆபரேட்டர் எப்போது எழுவார் என்பது எனக்கு மறந்துவிட்டது. கடைசி எழுத்து மேலே போய் மறைகிற வரைக்கும் ஹாலில் லைட் போடாதவர் அவர். டிவி அதுவாக அடுத்த படத்துக்குத் தாவப் போனபோது, ஏய், பேரு முடியலை என்று டிவியை அதட்டினார், நான்தான் ஓடிவந்து ரிமோட்டில் நிறுத்தி முழுசாக வரவிட்டேன். புதுக் கண் அல்லவா, ஒவ்வொரு பேராக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். லைட் பிடித்தவர், சாப்பாடு போட்டவர், வண்டி ஓட்டியவர் எல்லாம் போய், கடைசியில் இங்கிலீஷ் வசனத்துக்குப் பக்கத்தில் உன் பேர் வந்தது. அபிகாயில் சுகுமார். கள்ளி, அந்தப் படத்துக்கே நீதான் எழுதினாய் என்று என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ.

நிறுத்து என்றார். நிறுத்தினேன். யாரு மேரி இது என்றார். வேற யாராவது இருக்கும்ங்க என்று உளறினேன். தாம்பரத்துல ஒரு அபிகாயில் சுகுமாரு, கனடாவுல ஒரு அபிகாயில் சுகுமாரா என்று கேட்டார். அடுத்த சில நாள் வீடு வீடாக இல்லை. சொட்டு மருந்தைக்கூட என்னைப் போடவிடவில்லை, தானே அண்ணாந்து போட்டுக் கன்னமெல்லாம் வழியவிட்டுக்கொண்டார். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வேலை காசு இல்லியா அப்ப அது என்றார். இல்லை என்றேன். அப்ப என் தியேட்டர மூடுன காசுலதான் நான் சோறு தின்னுருக்கேன் என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. தியேட்டரை மூடினது என் பொண்ணு இல்லைங்க, அந்தக் கிருமி, ஊரெல்லாம் பொணம் போனப்போ எங்கேயோ ஒரு குளிர் ரூம்ல உக்காந்து அவ கண்ணு கெட எழுதி உங்களுக்கும் எனக்கும் சோறு போட்டா, நீங்க வாசப்படி மிதிக்காதேன்னீங்க, அவளும் இத்தனை வருஷமா மிதிக்கலை, இப்போ திருப்தியா என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ஷீலா எட்டிப் பார்த்தாள், பார்க்கட்டும். அப்பா அழுதார் அபி. உன் தாத்தா சாவுக்கும் அழாத மனுஷன், தட்டில் கையை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். நான் அன்னைக்குக் கோபத்துல சொன்னது அவளுக்கா, எனக்குத் தெரியாதே மேரி, எனக்குத் தெரியாதே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வியாழக்கிழமை மெஷினைக் கழற்றிக்கொண்டு போக ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் வருவதற்கு முன்னால் போகவேண்டும், நீயும் வா என்றார். வண்டியை எடுக்க டாக்டர் இன்னும் விடவில்லை, ஷேர் ஆட்டோவில் போனோம். சேரையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள், தரையில் போல்ட் ஓட்டைதான் வரிசையாக இருந்தது, சுவரோரம் கிடந்த ஒரு சேரை இழுத்து நடுவில் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு மேலே போனார். திரையில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஓட்டையிலிருந்து, மேரி, அழிச்சுட்டேன் என்று குரல் வந்தது. அந்தப் படத்தைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இறங்கி வந்தவரிடம், இத்தனை வருஷம் வச்சிருந்தீங்களே, இன்னும் அரை மணியில அவனே தூக்கிட்டுப் போறான், நீங்க ஏன் அழிக்கணும் என்று கேட்டேன். நம்மளுக்கு வந்ததுல அவ பேரு இல்ல, அது மார்ச்சுலயே வந்துடுச்சு, அவ எழுதுனது அப்பறம், பேரு இருக்கறதுதான் படம் என்றார். ஹால் லைட்டைத் தானே போட்டுவிட்டு வெளியே வந்தார். வழியில் மார்க்கெட்டில் இறங்கி நெத்திலி வாங்கினார், பல நாள் கழித்து அன்றைக்குத்தான் இரண்டாம் தடவை சோறு கேட்டார்.

நேற்று சாயந்திரம் அந்தப் படத்தைத் திரும்பப் போடச் சொன்னார், இந்த முறை இங்கிலீஷ் வரியோடு. வேகமாக ஓடுவதை அவரால் படிக்க முடியவில்லை, ஆனாலும் ஒவ்வொரு வரி வரும்போதும், இது அவ எழுதுனது, இதுவும் அவ எழுதுனது என்று எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் என்னைப் பார்த்து, டிக்கெட் வாங்குனியா நீ என்று ஒரு கேலி வேறு. முதல் எழுத்திலிருந்து உட்கார்ந்து ஒரு படத்தை நானும் பார்த்தேன். இன்டர்வெல் என்று எழுத்து வந்ததும் நிறுத்தச் சொல்லி எழுந்தார், டீ போட்டேன், கடையிலிருந்து சமோசா வாங்கி வந்தார், சாப்பிட்டு முடித்ததும் போடட்டுமா என்று கேட்டேன். வேணாம், மீதி பொண்ணு வந்தப்புறம் என்றார். ரிமோட்டை பீரோ மேல் எடுத்து வைத்துவிட்டார், டிவியைத் தொடவிட மாட்டேன் என்கிறார், எனக்கு சீரியல் போச்சு. நீயே சொல், எத்தனை நாள் நான் இப்படி இருப்பது.

அதனால் கண்ணு, இந்தக் கடுதாசி கைக்கு வந்தப்புறம் அவரிடம் பேசும்போது மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பிக்காதே, அவர் தாங்க மாட்டார். நான் எழுதினேன் என்றும் காட்டிக்கொள்ளாதே, கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், அவராகவே பேச்சை எடுப்பார். லீவுக்கு எழுதிக் கொடு, கிறிஸ்துமஸுக்கு உன் சாப்பாட்டுத் தட்டு இந்த வீட்டில் இருக்க வேண்டும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, அப்பா கண்தான் உனக்கும். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் தூக்கம் கலைந்து எழுந்து வந்து நிற்கிறார். மறைக்கலாம் என்று பார்த்தேன், புதுக் கண்ணுக்கு என்ன மறைப்பது. அவளுக்கா என்றார். ஆமாம் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இன்டர்வெல்ல ரொம்ப இஸ்த்துகினே போவக் கூடாதுன்னு எழுது மேரி, ஜனம் எழுந்து பூடும்.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும் அம்மா
சு. செல்வமேரி